கண்ணாடியக் கழட்ட வேண்டாம்

இல்ல மேடம், கண்ணாடியக் கழட்ட வேண்டாம். போட்டே இருங்க. மத்தவங்க கழட்டச் சொல்லியிருப்பாங்க, தெரியும். தெனமும் கண்ணாடி போடறவங்கள அது இல்லாம எடுத்தா, பாதித் தூக்கத்துல எழுப்பிக் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கும். மூக்குல ரெண்டு பக்கமும் தடம் வேற. உங்க ஆபீஸ்லயே, யாரு இந்தம்மான்னு கேப்பாங்க. வந்து மூணு வாரம்தான் ஆகுது, புது டைரக்டருக்கு அது தேவையா?

நாற்காலி சுவரோரமாவே இருக்கட்டும். லைட்டு ஒயரு அவ்வளவு தூரம்தான் எட்டுது. நீளமான ஒயருதான், பாதி சுத்தினபடியே இருக்கு. ஐயோ, அவுக்காதீங்க மேடம். விட்டுடுங்க. நாற்காலிய நகத்தறது சுலபம்.

உங்க செக்ரட்டரி இருபது நிமிஷம்னு சொன்னாங்க. நம்ம வேலை ஏழு நிமிஷம். மிச்சம் இருக்கற பதிமூணுல உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். முதல்லயே கேட்டுடறேன், அப்புறம் யாராவது மீட்டிங்குன்னு வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க.

உங்களுக்கு முன்னாடி இருந்த சார நான்தான் எடுத்தேன். மூணு வருஷம் ஆச்சு, இதே ரூமு. கீழ ரிசப்ஷன்ல பெருசா மாட்டியிருக்கே, அந்தப் படம்தான். அதோட ஒரிஜினல் ஃபைல் எனக்கு ஒரு காப்பி வேணும். சுவத்துல இருக்கறது நான் சுத்தம் பண்ணிக் குடுத்தது. எனக்கு வேண்டியது அதோட சேத்துக் குடுத்த, சுத்தம் பண்ணாதது. உங்க விளம்பரப் பிரிவு அலமாரில, ரெண்டாவது தட்டுல, ஒரு கறுப்பு டிஸ்க்குல இருக்கு. மூணு மெயில் போட்டேன். டைரக்டர் கையெழுத்து இல்லாம வெளிய போகாதுன்னுட்டாங்க. சரியாத்தான் சொன்னாங்க. அதான் டைரக்டரையே படம் எடுக்க வந்துட்டேன்.

எதுக்குன்னா... தாடையக் கொஞ்சம் இறக்குங்க. ரொம்ப இறக்கிட்டீங்க, கோவிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு. ஆங், அங்கயே.

நீங்க கேக்கறது நியாயம்தான். எடுத்தவன்கிட்டயே எப்படி இல்லாமப் போகும்? ஒப்பந்தம் மேடம். படத்தக் குடுத்து ஏழு நாளுக்குள்ள என்கிட்ட இருக்கறத நான் அழிச்சுடணும். நாலாம் பக்கம், ஆறாவது பத்தி. எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் எழுதி வாங்குது. எல்லா போட்டோக்காரனும் கையெழுத்துப் போட்டுட்டு ஒரு காப்பிய ஒளிச்சு வெச்சுக்கறான். எங்க ஆபீஸ்ல அது நடக்காது. காகித வேலையெல்லாம் என் வீட்டுக்காரி. ஏழாம் நாள் காலைல உக்காந்து, ஒண்ணு விடாம அழிச்சு, அழித்துவிட்டோம் என்று தெரிவித்துக்கொள்கிறோம்னு கடிதமும் போட்டுடுவா. உலகத்துலயே அந்தக் கடிதத்தப் போட்ட ஒரே ஆளு அவளாத்தான் இருக்கும். வாங்கினவங்க பயந்திருப்பாங்க.

லைட்டு பிடிக்கறதும் அவதான். ஸ்டாண்டு வெச்சுக்கலாம்தான். ஒரு விருது விழாவுல ஸ்டாண்டு சாஞ்சு மேஜைல இருந்த பதினாலு கோப்பையும் வரிசையா விழுந்துச்சு. வாங்க வேண்டியவங்க கைதட்டினாங்க, நிகழ்ச்சில ஒரு பகுதின்னு நெனச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அவ கையிலதான் பிடிப்பா. பதினோரு வருஷம், லைட்டு மாட்டின இந்த வெள்ளக் குடைய.

இப்போ கண்ணாடிக்கு வர்றேன். வெளிச்சம் எந்தக் கோணத்துல போய் மோதுதோ அதே கோணத்துல திரும்பும். ஏழாம் வகுப்புப் பாடம், நான் கண்டுபிடிச்சதில்ல. படம் எடுக்கும்போது கண்ணாடியில என்னென்ன தெரியும் தெரியுமா? ஜன்னலு, குடை, குடையப் பிடிக்கற ஆளு, எல்லாம். கட்டை விரல் நகம் அளவுக்கு. பெரிய மனுஷங்க கண்ணாடில அதெல்லாம் தெரியக் கூடாது. அதனால வீட்டுக்குப் போய் ஒண்ணொண்ணா அழிக்கணும். ஒரு ஆளுக்கு ரெண்டு கண்ணாடிச் சில்லு. ஒரு கம்பெனில அறுபது பேருன்னா நூத்தியிருபது.

நான் அழிச்சுக்கிட்டிருப்பேன். அவ டீய எடுத்துட்டு வந்து பின்னாடி நிப்பா. என்னங்க, அழிச்சாச்சா என்னை? அப்படிம்பா. தெனம் இதேதான். முதல் வருஷம் சிரிச்சேன். அப்புறம் ம்னு சொல்லுவேன். அப்புறம் ம்மும் இல்ல. ஒரு சில்லு பாக்கி இருக்கு, பேசாதன்னு கைய மட்டும் காட்டுவேன்.

உங்க பழைய சாரு சிரிக்கவே மாட்டாருன்னு சொல்லுவீங்க. ஆனா அந்தப் படத்துல சிரிக்கறாரு, பாத்தீங்கல்ல? நாப்பது படம் எடுத்தேன், நாப்பதும் தீர்ப்பு சொல்லப் போற மூஞ்சி. நான் சொல்லிப் பாத்தேன், சார் கொஞ்சம் இயல்பா இருங்கன்னு. அது மாதிரி ஒரு முட்டாள்தனமான வாக்கியமே கிடையாது. சொன்னா எப்படி இயல்பா இருக்கறது? அப்போ இவ குடைக்குப் பின்னாலருந்து கேட்டா: சார், இதே முறைப்ப உங்க வீட்டம்மாகிட்ட காட்டியிருக்கீங்களா?

அவரு சிரிச்சுட்டாரு. இவளும் சிரிச்சுட்டா. நான் அமுக்கிட்டேன். நாப்பத்தி ஒண்ணாவது படம். அவரு கண்ணாடி வேற இவ்வளவு பெருசு, அந்தக் காலத்து ஃபிரேமு. ஜன்னல் வெளிச்சம் முழுக்க இவ மேல. கண்ணாடில இவ பல்லு கூடத் தெரிஞ்சுது.

நீங்க சிரிக்கலயே. பரவால்ல, நான் சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க. அவ சொன்னாத்தான்.

அத அழிக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. இடது சில்லுல குடைக் கம்பி அவரு புருவத்தோட ஒட்டிக்கிட்டு நின்னுது. அழிச்சு முடிச்சுட்டு, வா, எவ்வளவு சுத்தமா இருக்கு பாருன்னு அவளையே கூப்பிட்டுக் காட்டினேன். ஆமாங்க, ஆளே இருந்த மாதிரி தெரியலன்னா. பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன். ஏழாம் நாள் காலைல ஒரிஜினல அவ அழிச்சுட்டா. கடிதமும் போயிருக்கும், உங்க ஃபைல்லயே இருக்கும் பாருங்க.

இன்னைக்கா? இல்ல, அவ வரல. அதான் ஸ்டாண்டு.

இல்லங்க, உடம்பு சரியில்லாம எல்லாம் இல்ல. இருபத்தி ரெண்டு நாளாச்சு. ஒரு கருத்தரங்கு முடிஞ்சு வந்து சோபால உக்காந்து ஒயரச் சுத்திக்கிட்டிருந்தா. தலை ஒரு மாதிரி இருக்குங்கன்னா. நான் அழிச்சுக்கிட்டிருந்தேன், கையக் காட்டினேன். திரும்பிப் பாக்கும்போது பாதி ஒயரு மடில இருந்துச்சு. இந்த ஒயருதான்.

பரவால்ல மேடம், உக்காருங்க. எந்திரிச்சா ஃபோகஸ் போயிடும்.

மச்சினி போன் பண்ணி, மாலை போடறதுக்கு அக்கா போட்டோ நல்லதா ஒண்ணு அனுப்புங்க மாமான்னா. எனக்குத் தொழிலே இதுதான, கேக்கறதுக்கு அவளுக்கு என்ன. தேடினேன். கல்யாணப் படம் இருக்கு, அதுல இருக்கற பொண்ண எனக்கே சரியா ஞாபகம் இல்ல. அடையாள அட்டைல ஒண்ணு இருக்கு, காணவில்லைன்னு நோட்டீசு போடலாம், அப்படி. கேமராவ அவ பக்கம் திருப்பினா, போங்க, வெளிச்சத்த வீணாக்காதீங்கன்னு குடையால மறைச்சுக்குவா. சிரிச்சது அந்த ஒண்ணுலதான் இருக்கு. உங்க சாரோட இடது சில்லுல. பெருசாக்கினா புள்ளி புள்ளியாத்தான் வரும். வரட்டும்.

சரி, இப்போ என்னைப் பாருங்க. இப்படியே. ஒண்ணும் பண்ண வேண்டாம். எடுத்துட்டேன்.

வாங்க, பாக்கறீங்களா? நல்லா வந்திருக்கு. இதோ உங்க கண்ணாடில தெரியுதே, வெள்ளையா, அது குடை. பக்கத்துல கோடு மாதிரி இருக்கறது ஸ்டாண்டு. கவலைப்படாதீங்க, எடுத்துடுவேன். ரெண்டே நிமிஷம். ஸ்டாண்டுதான, சிரிச்சுக்கிட்டா நிக்குது.

நன்றி மேடம். இங்க, தேதிக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்து. அந்த டிஸ்க்குக்கு.