இடது பின் கண்ணாடியின் கீழ் மூலை

என் பெயர் லிங்கேஸ்வரன். வயது 46. தகப்பனார் பெயர் குருசாமி. ராஜபாளையம் தென்காசி ரோட்டில் கார் சீட் கவர் தைக்கும் கடை வைத்து, கடைக்குப் பின்னாலேயே குடியிருந்து வருகிறேன். 11.05.2025 ஞாயிற்றுக்கிழமை பகலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் நின்றிருந்த அம்பாசடர் காரின் கண்ணாடியை உடைத்தது பற்றியும், அந்தக் காருக்குள் ஐந்து வயதுப் பெண் குழந்தை கிடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்பது பற்றியும் இன்று போலீஸ் ஸ்டேஷனில் என்னை விசாரித்தார்கள். கண்ணாடியை உடைத்தது நான்தான். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசினால் எனக்குக் கோபம் வரும் என்று எழுதுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கடந்த மார்ச் மாதம் மடவார் வளாகத்தைச் சேர்ந்த சௌந்தரபாண்டியன் என்பவர் என் கடைக்கு வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபதைத் தாண்டியவர். தன்னுடைய 1976 மாடல் அம்பாசடருக்குக் கண்ணாடி தோறும் வெயில் மறைப்பு வேண்டும், கருப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் போலீஸ் பிடிக்கும், ஆகவே கழற்றி மாட்டுகிற மாதிரி வேண்டும் என்றார். கடையில் கிடைக்கிற சாமான்தானே என்று ஒத்துக்கொண்டேன். இப்போது வரும் மறைப்பெல்லாம் இப்போது ஓடும் வண்டிகளுக்குத்தான் வருகிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஆன்லைனில் வண்டியின் பெயரைத் தேர்ந்தெடு என்று ஐம்பது பெயர் காட்டுகிறான், அதில் அம்பாசடர் இல்லை. மதுரையில் இரண்டு நாள் அலைந்து வாங்கி வந்ததில், ரப்பர் கப் வைத்தது செத்த நேரம் ஒட்டியிருந்து பொத்தென்று விழுந்தது, காந்தம் வைத்தது அவர் கதவின் உள்பட்டையைத் தேக்கு மரத்தில் மாற்றியிருந்ததால் பிடிக்கவே இல்லை. அதன் பிறகு ஆலங்குளத்தில் ஓடாமல் கிடக்கும் ஒரு அம்பாசடரில் அந்தக் காலத்துத் திரை அப்படியே இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன், தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. சை என்று ஆகிவிட்டது. அதன் பிறகு நானே தைத்துத் தருவதாக அவரிடம் சொன்னேன்.

ஏப்ரல் 20ஆம் தேதி அளவெடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு டேப்பில் நம்பிக்கை கிடையாது. காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டி, ஓரத்தை விரலால் அழுத்தி, அந்தத் தடத்தில் வெட்டித்தான் அளவெடுப்பேன். கையில் இருந்த தாள் போதாமல், இடது பின் கதவின் பையில் கிடந்த பழைய செய்தித்தாளை எடுத்தேன். அதன் எல்லாப் பக்கமும், எல்லா மூலையும், வெற்றிலையை மடிப்பது போல இரண்டு மடிப்பாக மடித்து நகத்தால் நீவப்பட்டிருந்தது. என் தொழிலிலும் அதே மடிப்பு உண்டு என்பதால் கவனித்தேன். சௌந்தரபாண்டியன் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அது வேண்டாம் தம்பி. எம் பொண்டாட்டி மாரிக்கனி மடிச்சது. கடைசி ஒரு வருசம் நான் யாருன்னே அவளுக்குத் தெரியாது. எது கைல கெடச்சாலும் மூலைய மடக்கிக்கிட்டே இருப்பா" என்றார். அந்த அம்மாள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்றும், காரில் எப்போதும் இடது பின் பக்கம்தான் உட்காருவார் என்றும், அவர் உட்கார்ந்த இடம் வெயிலில் வெளுத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்த மறைப்பு என்றும் சொன்னார். பின் கதவு இரண்டிலும் உள் கைப்பிடி இல்லாததைப் பார்த்து ஏன் என்று கேட்டேன். "ஓடுற வண்டியில கதவத் தொறந்துட்டா. அதான் கழட்டிட்டேன்" என்றார். திரும்ப மாட்டிவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் தப்பு, எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு வெளிப்பக்கம் கருப்புக் குடைத்துணியும் உள்பக்கம் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியும் கொடுத்து நான்கு கதவுக்கும் மறைப்பு தைத்து, 10.05.2025 சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுபோய் மாட்டினேன். பட்டன்கள் அவர் கொடுத்தவை, பட்டாளத்து மழைக்கோட்டில் இருந்து எடுத்த பித்தளைப் பிரஸ் பட்டன்கள். ஒவ்வொன்றையும் திறக்க எனக்கே கட்டைவிரல் நகம் வலித்தது. அவற்றைக் கதவின் உள்பக்கம் தேக்கில் திருகி வைத்தேன், கண்ணாடி ஏற்றியிருந்தால் வெளியிலிருந்து யாரும் தொட முடியாது.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பின் சீட்டில் இடது பக்கம் பெரும்பாலும் பெண்கள்தான் உட்காருவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் வரும்போது குனிந்து கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்பார்கள். ஆகவே இடது பின் மறைப்பில் மட்டும் கீழ் மூலைக்குப் பட்டன் வைக்காமல், வெற்றிலை மடிப்பாக மடித்து ஒரு தையல் போட்டுவிடுவேன், இரண்டு விரல் அளவு வெளியே தெரியும். குடைத்துணியில் மடிப்பு நிற்காது, தையல் போட்டால்தான் நிற்கும். கைப்பழக்கத்தில் இந்தக் காருக்கும் அப்படியே செய்திருந்தேன். சௌந்தரபாண்டியன் அதைப் பார்த்ததும் முகம் மாறி, "அவதான் இல்லையே, யாரு பாக்கப் போறா? அடைச்சிரு" என்றார். எனக்கு எரிச்சல்தான். அவர் முன்னாலேயே தையலைப் பிரித்து, துணியைத் தேய்த்துச் சமமாக்கி, அந்த மூலைக்கும் ஒரு பட்டன் வைத்து அழுத்தினேன். அவர் டார்ச் அடித்து ஒவ்வொரு பட்டனாகச் சரிபார்த்தார். பெரிய பின் கண்ணாடிக்கான மறைப்பு மட்டும் பாக்கி, அதுவரை அதிலும் முன் கண்ணாடியிலும் உள்பக்கம் கம்பளியைத் தொங்கவிட்டுக்கொண்டார், மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னார்.

மறுநாள் நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பத்து. வீடு பூட்டியிருந்தது, போன் எடுக்கவில்லை. வ. புதுப்பட்டியில் ஒரு துக்க வீட்டுக்கு அவர் பஸ்ஸில் போனது எனக்கு அப்போது தெரியாது. காலையில் காரைத் துடைத்து, காற்றாடக் கதவுகளைத் திறந்து வைத்திருந்து, பதினொன்றே கால் மணிக்கு உள்ளே பார்க்காமல் சாத்திப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். கார் தெருவில் வெயிலில் நின்றது. சுற்றி வந்து என் வேலையைப் பார்த்தேன், இடது பின் மறைப்பின் கீழ் மூலை மூடித்தான் இருந்தது. எதிர்ச் சுவர் நிழலில் உட்கார்ந்து அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது பக்கத்து வீட்டு யுவராணி என்பவர் தன் மகள் சிவரஞ்சனியைத் தேடிக்கொண்டு வந்தார். "ஏட்டி ரஞ்சனி, வெளாண்டது போதும், வாட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து, என்னிடம், "அண்ணாச்சி, பச்சக் கவுன் போட்ட பிள்ள இப்பிடி வந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் காரின் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தார். அவர் முகம்தான் அதில் தெரிந்தது. சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு பொட்டு இடைவெளி இல்லாமல் தைத்திருக்கிறோம் என்று அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு பத்து நிமிடம் இருக்கும். டக் என்று பட்டன் திறக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். இடது பின் கண்ணாடியில் மறைப்பின் கீழ் மூலை மெதுவாக மேலே எழும்பியது, ஒரு முறை மடிந்தது, அதன் மேல் இன்னொரு முறை மடிந்தது, அப்படியே நின்றது. கை தெரிந்ததா என்று கேட்டார்கள். தெரியவில்லை. கை தெரிந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சௌந்தரபாண்டியன்தான் உள்ளே இருந்துகொண்டு விளையாட்டுக் காட்டுகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "ஐயா, உள்ளதான் இருக்கியளா? எம்புட்டு நேரமாக் காத்துக் கெடக்கேன்" என்று சத்தம் போட்டுக்கொண்டே போய் அந்த இடைவெளியில் கண்ணை வைத்தேன். சீட்டில் யாரும் இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், அந்தக் கோடியில், தரையில் கொலுசு போட்ட ஒரு சின்னக் கால் தெரிந்தது.

அதன் பிறகு பைக் பெட்டியில் இருந்த சுத்தியலை எடுத்து, பிள்ளை மேல் சில்லு விழாமல் இருக்க முன் இடது கண்ணாடியை உடைத்து, கையை விட்டுக் கதவைத் திறந்து, சீட்டைத் தாண்டி இறங்கிக் குழந்தையைத் தூக்கினேன். குப்புறக் கிடந்தது, பேச்சுமூச்சு இல்லை. ஆத்தாடி என்று நான் கத்தியது எனக்கே கேட்டது. யுவராணி ஓடி வந்தார். குழந்தையை வாங்கிய கையோடு, "உள்ள இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? நீதான் வச்சுப் பூட்டியிருக்க!" என்று என் சட்டையைப் பிடித்தார். பெற்ற வயிறு, அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சாயங்காலம் குழந்தை கண் விழித்து அம்மா என்றது. அப்போது நான் அழுதேன். ஒளிந்து விளையாட உள்ளே ஏறியதும் கதவு சாத்தியதும் மட்டும்தான் அதற்கு ஞாபகம் இருக்கிறது. மயங்கி அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்றும், மறைப்பு இல்லாத கார் என்றால் பிழைத்திருக்காது என்றும் டாக்டர் சொன்னார். அந்த மறைப்புதான் பிள்ளையைத் தாயின் கண்ணுக்குத் தெரியாமல் வைத்ததும். இரண்டும் என் கை வேலை.

இங்கே ஏட்டையா என் மேல் இரக்கப்பட்டு, "மடிப்பு ஒம்ம மடிப்புதான? மொத நாளே நான்தான் மடக்கி விட்டேன், அது வழியா காலு தெரிஞ்சதுன்னு சொல்லிரும். சோலி முடிஞ்சுது, நீரு வீட்டுக்குப் போகலாம்" என்றார். அப்படிச் சொன்னால் என் மேல் சந்தேகம் இல்லை என்று எனக்கும் தெரியும். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், பிள்ளையைப் பூட்டி வைத்தவன் என்ற பேரோடு ராஜபாளையத்தில் கடை நடத்த முடியாது. ஆனாலும் அது பொய். குழந்தையே திறந்திருக்கும் என்பதும் சரியில்லை, அந்தப் பட்டனை ஐந்து வயது விரல் திறக்காது, மயங்கிக் கிடந்த பிள்ளை அந்தக் கோடியிலிருந்து எழுந்து வரவும் இல்லை. கைப்பற்றிய மறைப்பை இன்று மேஜை மேல் வைத்து என்னிடம் காட்டினார்கள். மூலையில் தையல் இல்லை. தையல் இல்லாமலே குடைத்துணியில் அந்த மடிப்பு இரண்டு நாளாக நிற்கிறது. நான் விரலால் நீவிப் பார்த்தேன், விரியவில்லை.

நேற்று சௌந்தரபாண்டியன் மருத்துவமனைக்கு வந்து, வாசலிலேயே நின்று, உடைந்த கண்ணாடி பற்றித் தனக்குப் புகார் இல்லை, பார்க்காமல் பூட்டியது தன் குற்றம்தான் என்றார். அப்போது யுவராணி ஒரு பையில் இருந்து குழந்தையின் பச்சைக் கவுனை எடுத்து, "அண்ணாச்சி, நீங்க துணி வேல செய்றவுக, இத என்னன்னு பாருங்க" என்று என்னிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கையால் தேய்த்து மாட்டிவிட்ட கவுன். அதன் கீழ் ஓரம் சுற்றிலும், விரல் அளவுக்கு ஒன்றாக, வெற்றிலை மடிப்பாக மடித்து நகத்தால் நீவப்பட்டிருந்தது. ஒரு பக்கம் முழுவதும் முடிந்து, மறு பக்கம் பாதியில் நின்றிருந்தது. நான் அதைச் சௌந்தரபாண்டியனிடம் நீட்டினேன். அவர் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "பிள்ள அழுதிருக்கும். மடியில போட்டு வச்சிருந்திருக்கா" என்றார். பிறகு, "அந்த மூலைய அடைக்கச் சொன்னேனே தம்பி" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வழக்கு முடிந்து அந்த மறைப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, யாரும் விரித்துத் தேய்த்துவிடாமல், மடிப்பு மடிப்பாகவே அவரிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இது அவர் சொல்லி அனுப்பியது.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒரு இடத்தில் 'காற்றில் மடங்கியிருக்கலாம்' என்று இருந்தது, கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஏது காற்று என்று கேட்டு அதை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மீதி அத்தனையும் நடந்தது நடந்தபடி உண்மை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கு. லிங்கேஸ்வரன்
13.05.2025, ஸ்ரீவில்லிபுத்தூர்