இரண்டு பேரும் வாபஸ்

கட்கி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் திடீரென்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "எனக்கு விட்டுக்கொடுக்க உம்மை யாருவே கேட்டா?" என்று கத்தினார். இருவரும் ஒரே தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தார்கள்.

"நீங்க மட்டும் ஏன் வாபஸ் வாங்குனீய, அண்ணாச்சி?"

கேண்டீன் கமிட்டித் தேர்தலில் இருவருமே நின்றார்களாம். தமிழர் ஓட்டுப் பிரியாமல் இருக்க ஒருவர் விலகினால் போதுமாம். அன்று காலை இருவருமே தனித்தனியாகப் போய் விலகிவிட்டார்கள்.

"எம்மவ யுனிவர்சிட்டில பாலிடிக்ஸ் படிக்காள்லா? எந்த நாட்டுக் கட்சியும் இப்படித்தான் யோசிக்கும்னு நோட்டுல நாலு கட்டம் போட்டுக் காட்டுனா. முத்தையா மாமா பிடிவாதக்காரரு, விலகமாட்டாரு. நீங்களும் நின்னா ரெண்டு பேரும் தோப்பீங்க, விட்டுருங்கப்பான்னா."

"எங்க வீட்டுக்கும் வந்தா, அண்ணாச்சி. அதே நோட்டுதான். எங்கப்பா பிடிவாதக்காரரு, நீங்க விட்டுருங்க மாமான்னா."

அண்ணாச்சி டிக்கெட்டைக் கசக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

"இப்போ பழைய மெம்பரே போட்டியில்லாம ஜெயிச்சிட்டான். காலையில இட்லி போட வைக்கணும்னு நின்னோம். இன்னும் ரெண்டு வருசத்துக்கு அந்தக் காஞ்ச பாவு ரொட்டிதான்."

"அது கெடக்கட்டும். ரெண்டு பேரும் விலகுனா என்னாகும்னு ஒரு கட்டம் இருக்கணுமே, அதுல என்ன எழுதியிருந்தா?"

"ஒண்ணும் எழுதல. அப்படி எந்த நாட்டுலயும் நடக்காதாம்."