வெடி தேடிய மாப்பிள்ளை

கோவில்பட்டியில் பஸ் கிளம்பியதுமே எனக்கு முன் சீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. ஒருவர் பெண்ணைப் பெற்றவர், மற்றவர் கல்யாணத் தரகர். தரகர் மாப்பிள்ளையின் உத்தியோகத்தைச் சொன்னார்.

"கடல்ல கண்ணிவெடி தேடுத கப்பல் அண்ணாச்சி. நம்ம மாப்பிள்ளைதான் அதுக்கு கேப்டனா இருந்தாரு."

"எத்தனை வெடி எடுத்தாரு?"

"ஒண்ணும் கிடைக்கல."

"அவருக்கு முந்தி இருந்தவியளுக்கு?"

"அவியளுக்கும் கிடைக்கல. இப்ப கப்பலுக்கும் வயசாயிட்டுன்னு ஒதுக்கிட்டாவ. மாப்பிள்ளை வேற கப்பலுக்குப் போயிட்டாரு."

"பின்ன ஒதுக்காம? எங்கூர்ல போர்வெல் போட்டுத் தண்ணி வரலன்னா ஆளையே மாத்திருவோம்."

"தண்ணி வரணும் அண்ணாச்சி. வெடி வரக் கூடாதுல்லா!"

"அப்ப வெடி இல்லாத இடத்துலயா தேடுனாரு?"

"தேடுனாத்தானே இல்லன்னு தெரியும்?"

பள்ளிக்கூடம் பார்க்காமலே நாலு லாரி வாங்கியவன் நான். எனக்கே தலை சுற்றியது. எப்போதும்வென்றான் நிறுத்தத்தில் இறங்க எழுந்தபோது பெண்ணைப் பெற்றவர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, அவியள பொண்ணு பாக்க வரச் சொல்லிருவோம். என்ன உத்தியோகம்னு எனக்கு விளங்கல. ஆனா ஒண்ணுமே கிடைக்காட்டியும் மறுநாளும் போய்த் தேடுத ஆளாம். நம்ம புள்ளையைக் கைவிட மாட்டாரு."