உறவினர் இல்லாதவர்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதனின் மச்சானுக்கு நடந்தது. நம்பினால் நம்புங்கள்.

இருட்டத் தொடங்கிய நேரம்... நல்ல மழை. ஊருக்கு வெளியே நீளமான சாலை. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது. வைப்பர் மட்டும் கிரீச்... கிரீச்... என்று அழுதுகொண்டிருந்தது. மச்சான் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவர் அவர். ஒவ்வொருவர் பதிவிலும் ‘உறவினர்’ என்ற பகுதியைத் தேடி, அதிலுள்ள நம்பரை ப்ரோக்ராம் தானாகக் கூப்பிடும். யாருமற்றவர்களின் பதிவில் அந்தப் பகுதியே இருக்காது. உடனே ‘அன்டிஃபைண்டு’, அதாவது அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எரர் காட்டி மொத்தமும் படுத்துவிடும். மேலதிகாரி வாட்டி எடுத்தார். மச்சான் குறுக்குவழி பிடித்தார். உறவினர் இல்லையென்றால் நிற்காதே, இதை எடுத்துக்கொள் என்று ஒரு வரி. சோதனைக்காகத் தன் நம்பரையும் வீட்டு முகவரியையுமே அதில் போட்டார். எடுக்கத்தான் மறந்துபோனார், புத்திசாலி!

போன் அடித்தது. இயந்திரக் குரல்.

“உங்கள் உறவினர் பிணவறையிலிருந்து புறப்பட்டுவிட்டார்.”

தன் மறதியை நினைத்து முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. அடுத்து மனைவி கூப்பிட்டாள்.

“எங்க இருக்கீங்க? உங்க பெரியப்பான்னு ஒருத்தர் வந்திருக்காரு. பாப்பாவ மடியில வச்சுக்கிட்டு விடமாட்டேங்கறாரு. கை ஐஸா இருக்குங்க... வீடெல்லாம் மருந்து நாத்தம்.”

மச்சானுக்குப் பெரியப்பாவே கிடையாது.

“பாப்பாவத் தூக்கிட்டு வெளிய ஓடு!”

“இழுத்துப் பாத்துட்டேன்... அவரோடயே ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்கறா...”

லைன் அறுந்தது. வீடோ இன்னும் வெகுதூரம். வண்டியை ஓரங்கட்டி லேப்டாப்பைத் திறந்தார். அந்த ஒரு வரியை அழித்தார். திரை முழுக்கப் பழைய எரர்... அன்டிஃபைண்டு. இனி அந்த ஆளுக்கும் இந்த வீட்டுக்கும் எந்த ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வண்டியை விரட்டி வந்து வீட்டுக்குள் ஓடினார். பெரியவரைக் காணோம். நாற்காலி மட்டும் சொட்டச் சொட்ட ஈரம். சமையலறையிலிருந்து மனைவி நிதானமாக வந்தாள்.

“பாப்பா எங்க?”

“எந்தப் பாப்பா?”

அவள் கையில் பால் டம்ளர். இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“இத யாருக்கு ஆத்தினேன்னுதான் நானும் யோசிச்சிட்டே இருக்கேங்க...”