ஏழாவது மாடி, ஜன்னல் இல்லாத ரூம்

இல்லைங்கம்மா, நீங்க காட்டற இந்தக் கப்பல் வேணாம். நீங்க சொல்றது புரியுது. விலை கம்மி, மேல்மாடியில தண்ணிச் சறுக்கு இருக்கு, கரடி வேஷம் போட்ட ஆளு வந்து பிள்ளைங்களுக்குக் கை குடுப்பாரு, எல்லாம் புரியுது. ஆனா நான் வந்ததும் சொன்னேன்ல, அந்தக் கப்பல்தான் வேணும். அதே கப்பல், இந்தப் பள்ளிக்கூட லீவுல கிளம்புற அந்த மூணு நாள் பயணம், ஏழாவது மாடி, நாலு பேருக்கு ஒரே ரூம். இந்த லீவை விட்டா அது வேற கடலுக்குப் போயிடுது. திரும்ப எப்ப வருமோ. ஆமா, விசாரிச்சுட்டேன்.

ஏன் அதுவேன்னா... அது வெள்ளையா இருக்கு.

எல்லாக் கப்பலும் வெள்ளைதானா? சரி, இது கொஞ்சம் நல்ல வெள்ளை.

கோவிச்சுக்காதீங்கம்மா. கவுண்டர்ல உங்க பக்கத்து சீட்டுக்காரர் டீ குடிக்க எழுந்து போயிட்டாரு, நீங்க மட்டும் என்கிட்ட மாட்டிக்கிட்டீங்க. நான் ஸ்கூல் வேன் ஓட்டறவன். விதவிதமான வயசுல பிள்ளைங்களை ஏத்தி இறக்கறதுதான் என் பொழைப்பு. வாந்தி எடுக்கறவன் ஜன்னலோரம், அவனுக்குப் பின் சீட்டு ஜன்னலை மூடி வெக்கணும். சண்டைக்காரங்க ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு தூங்குமூஞ்சியை உக்கார வெக்கணும். கதை அளக்கறவளை எனக்குப் பின்னாடி. இந்த வித்தையெல்லாம் தெரிஞ்ச எனக்கு, வீட்டுல இருக்கற மூணை ஒரே வண்டியில ஏத்தத் தெரியலைங்க. பெரியவளுக்குப் பதினேழு, நடுவுலவனுக்குப் பன்னெண்டு, வாண்டுக்கு அஞ்சு. நடுவுல ஏன் இவ்வளவு இடைவெளின்னு கேக்காதீங்க, எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. வாண்டைக் கூட்டிட்டுப் போனா, பேத்தியான்னு கேப்பாங்க. நான் ஆமான்னு சொல்லிட்டுப் போயிடுவேன். அவ விடமாட்டா. தாத்தா இல்ல, அப்பாதான், முடிக்கு மட்டும் வயசாயிடுச்சுன்னு நின்னு விளக்கம் சொல்லுவா.

மூணு பேருக்கும் மூணு விதமா வேணும். பெரியவளுக்குக் கடல் வேணாம், சிக்னல் வேணும். நடுக்கடல்ல போன் சிக்னலுக்குத் தனிக் காசாமே? நான் சொல்லல, வந்து தெரிஞ்சுக்கட்டும். நடுவுலவனுக்குச் சோறு. எவ்வளவு வேணா சாப்பிடலாமாங்கறதை நாலு தடவை கேட்டுட்டான். உங்ககிட்டயும் ஒரு தடவை உறுதி பண்ணிட்டு வரச் சொன்னான். நிஜமாவே எவ்வளவு வேணாலுமா? பாவம்மா உங்க கம்பெனி. வாண்டுக்குத் திமிங்கலம். சின்னத் திமிங்கலமா இருந்தாலும் பரவாயில்லையாம்.

விளையாட்டுக் கூடமா? வயசுக்கு ஒண்ணுன்னு மூணு இருக்கா? நல்லதுதான், ஆனா அது நடக்காதுங்க. நடுவுலவனுக்குப் பெரிய பசங்க கூடத்துக்குத்தான் போகணும், அங்க விடமாட்டீங்க. சின்னப் பசங்க கூடத்துல விட்டா, அங்க இவன்தான் பெரியவன், ஒரு மணி நேரத்துல சங்கம் ஆரம்பிச்சுடுவான். பெரியவ எந்தக் கூடத்துக்கும் போகமாட்டா. வாண்டு மூணுக்கும் போவா.

பால்கனி வெச்ச ரூமா? ஐயையோ. காசுக்குச் சொல்லல. காசுக்கும்தான். ஆனா என் வேன்ல ஒருத்தன் தினம் ஒரு ஷூவை ஜன்னல் வழியா வீசுவான். வண்டியை ஓரங்கட்டிட்டு ஓடிப்போயி எடுத்துட்டு வருவேன். கப்பலை ஓரங்கட்டச் சொல்ல முடியுமா? ஜன்னலே இல்லாத ரூம் போதும். பெரியவகிட்ட சொன்னேன், ஜன்னல் இல்லையா, ஜெயிலான்னு கேட்டா. ஏம்மா, உன் ரூம் ஜன்னலைத் திறந்து என்னைக்குப் பாத்த, வெளிய வெயிலா மழையான்னு என்னைத்தானே கேப்பன்னேன். கதவைச் சாத்திக்கிட்டா. அதுதான் அவ சம்மதம்.

சின்ன ரூம்தான், தெரியும். படத்துல அளவு போட்டிருக்கே. அதைப் பாத்து வீட்டு ஹால்ல சாக்பீஸால வரைஞ்சேன். சோபாவையெல்லாம் சுவரோரம் தள்ளிட்டு, இதுதான் கட்டில், இது அலமாரி, இந்த மூலையில பாத்ரூம்னு கோடு போட்டு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூரா இதுக்குள்ளதான் இருக்கணும், கோட்டைத் தாண்டினா கடல்ன்னு சொல்லிட்டேன். நடுவுலவன் கொஞ்ச நேரத்துல ஃப்ரிட்ஜ் பக்கம் போயிட்டு வந்தான். ஏன்டா தாண்டினன்னா, நீந்திப் போயிட்டு வந்தேங்கறான். பெரியவ கோட்டுக்குள்ள தனக்குன்னு இன்னொரு கோடு போட்டுக்கிட்டா. வாண்டு அவ பொம்மையெல்லாத்தையும் பாத்ரூம்ல அடுக்கிட்டு, உள்ள ஆள் இருக்கு, தட்டிட்டு வாங்கப்பான்னுச்சு. இல்லாத கதவை எப்படித் தட்டறது? வாயாலயே டொக்கு டொக்குன்னேன். நல்லா வேகமா தட்டுங்க, கேக்கலையாம்.

அப்புறம் படுத்துப் பழகுவோம்னு நாலு பேரும் கோட்டுக்குள்ள மல்லாக்கப் படுத்துக் கண்ணை மூடினோம். அந்த நேரம் பாத்துப் பக்கத்து வீட்டு நர்ஸம்மா பாத்திரம் திருப்பிக் குடுக்க வந்தாங்க. கதவு திறந்திருக்கு. தரையில சாக்பீஸ் கோடு, உள்ள வரிசையா நாலு ஆளு. பாத்திரம் விழுந்த சத்தத்துல நான் கண்ணைத் திறந்தா, அவங்க என் மணிக்கட்டைப் பிடிச்சு நாடி பாத்துட்டு இருக்காங்க. ஒண்ணுமில்லைங்க, நாங்க கப்பல்ல இருக்கோம்ன்னேன். கையை விடுவாங்கன்னு பாத்தா, இன்னும் கொஞ்ச நேரம் பாத்தாங்க.

பிள்ளைங்களோட அம்மாவா? இல்லைங்க, அவ எங்ககூட வரல. அதான் நாலு பேர். லீவு கிடைக்காது அவளுக்கு. ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்கம்மா. சண்டை கிண்டை எதுவும் இல்ல, நேத்துகூட போன்ல திட்டினா, நல்லாத்தான் இருக்கோம். வெளியூர் வேலை, அதான் போன்ல. நாங்க கப்பல்ல போறது அவளுக்குத் தெரியுமான்னா... தெரியாது. அப்படிப் பாக்காதீங்கம்மா. பிள்ளைங்களைத் தூக்கிட்டு ஓடற ஆளு மாதிரியா இருக்கேன்? ஓடறவன் அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தனித் தலையணை உண்டான்னு கேப்பானா? உண்டுதானே? சரி.

இன்னொண்ணு. ரூம் பெருக்கித் துடைக்க எப்ப வருவாங்க? காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவையா? நாம உள்ள இருக்கும்போதே வருவாங்கல்ல? நல்லது நல்லது. இல்ல, சும்மா கேட்டேன்.

நாலாவது மாடியில அதே ரூமா? விலையும் கம்மியா? வேணாங்கம்மா. ஏழு எனக்கு ராசி. என் வேன் நம்பரா? அதுல ஏழு இல்லைங்க. அதான், அதுல இல்லையேன்னு இதுல கேக்கறேன்.

சரி, நான் உளர்றேன்னு உங்களுக்கும் தெரியுது, எனக்கும் தெரியுது. பெரியவ சொல்லித்தான் அனுப்பினா. அப்பா, அங்க போயி நம்ம கதையெல்லாம் கொட்டாதீங்க, தெரிஞ்சா வேற கப்பலுக்கு மாத்தி விட்டுடப்போறாங்க, டிக்கெட்டை மட்டும் போட்டுட்டு வாங்கன்னு. நான் வாயைத் திறந்தா மூடமாட்டேன். வேன்ல எந்நேரமும் பிள்ளைங்க பேசிட்டே இருக்கும், எனக்கு இடமே கிடைக்காது. அதையெல்லாம் சேத்து வெச்சு இங்க வந்து பேசறேன் போல.

போன வாரம் இந்தப் பயணமே நின்னுபோகப் பாத்துச்சு, தெரியுமா? எங்க அக்காவால. பாவம், அவ நல்ல எண்ணத்துலதான் வந்தா. நான் கன்னத்துல கை வெச்சு உக்காந்திருந்தேன். போகலாமா, போறது சரியா, பிள்ளைங்களுக்கு ஆசையைக் காட்டிட்டு அங்க போயி அதுங்க மனசு உடைஞ்சா என்ன பண்றதுன்னு எனக்கு எப்பவும் ஓடிட்டே இருக்கும். நடு ரோட்டுல சிக்னல் விழுந்தப்புறமும் அதே யோசனை, பின்னாடி ஹாரன் அடிப்பாங்க, வேன்ல இருக்கற பிள்ளைங்க, அங்கிள் பச்சை பச்சைன்னு கத்தும். அன்னைக்கும் அப்படித்தான் உக்காந்திருந்தேன். அக்கா செருப்பைக் கழட்டும்போதே கேட்டா, ஏன்டா கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கன்னு. கேட்டுட்டு அவபாட்டுக்கு சமையல்கட்டுக்குப் போயிட்டா.

மேஜைக்கு அடியில வாண்டு படம் வரைஞ்சுட்டு இருந்திருக்கா. தலையை மட்டும் வெளிய நீட்டி, அப்பா, கப்பல் கவுந்துடுச்சான்னு கேட்டா. நான் இருந்த நினைப்புல, கவுந்தா கவுந்துட்டுப் போகுது, நீ வரைம்மான்னுட்டேன்.

அவ்வளவுதான். அழுதா பாருங்க ஒரு அழுகை. விரலைக் கதவுல நசுக்கிக்கிட்டான்னு நினைச்சு ஓடி வந்தாங்க எல்லாரும். அக்கா சொல்றா, அது பேச்சுக்குச் சொல்றதுடி தங்கம், சும்மா சோகமா இருந்தா அப்படிச் சொல்லுவோம். உடனே இவ, எல்லாரும் சோகமா இருக்காங்களான்னு இன்னும் ஏத்திட்டா. நடுவுலவன் வந்து, இந்தக் காலத்துக் கப்பலெல்லாம் கவுழாது, நான் காட்டறேன்னு பக்கெட்ல தண்ணி பிடிச்சு, கிண்ணத்தை மிதக்க விட்டு, பாரு எப்படி நிக்குதுன்னு கையால ஒரு அலை கிளப்பினான். கிண்ணம் குப்புறக் கவுந்துச்சு. அப்புறம் என்ன? பெரியவ காதுல இருந்ததையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு வந்து, இவளைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, போன் போட்டா. எடுக்கல. மறுபடி போட்டா. எடுக்கல. ஒவ்வொரு தடவை எடுக்காதப்பவும் இவ சத்தம் ஒரு படி மேல. அக்காவும் கூடச் சேந்து அழ ஆரம்பிச்சுட்டா, எதுக்குன்னு அவளுக்கே தெரியல.

சாயங்காலமா அந்தப் பக்கத்துல இருந்தே போன் வந்துச்சு. அவங்க அம்மா முகம் தெரிஞ்சதும் வாண்டு கேட்ட முதல் கேள்வி, அம்மா, நீ நனைஞ்சுட்டியா?

ஆமாங்கம்மா. அவங்க அம்மா அந்தக் கப்பல்லதான் வேலை பாக்கறா.

ரூம் பெருக்கற வேலைதான். துண்டை மடிச்சு யானை, முயல்னு செஞ்சு கட்டில்ல வெப்பாங்களாமே, அதுவும் செய்வா. முன்னாடி இங்க ஹோட்டல்ல இருந்தா, சம்பளம் பத்தலன்னு இதுக்குப் போனா. போன வருஷம் போனவ, வாண்டுக்கு அம்மான்னா இப்ப ஒரு போன்தான். சார்ஜ் தீந்தா, அம்மா தூங்கிடுச்சும்பா. அவ போனப்போ எங்க அக்கா, குடும்ப மானத்தையே கப்பலேத்திட்டீங்கடான்னா. ஏறட்டும்க்கா, சம்பளத்தோடதானே ஏறுதுன்னேன். வேலைக்காரங்க வீட்டு ஆளுங்களுக்குச் சலுகை உண்டாம், அது இவளுக்கு இன்னும் வரல, வர்ற வரைக்கும் காத்திருன்னா வாண்டு காத்திருக்குமா? நாங்க வர்றதை அவகிட்ட சொன்னா வேணாம்பா. வேண்டாத செலவும்பா. வேலை உடுப்போட பிள்ளைங்க முன்னாடி நிக்கணுமேன்னு மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு, வாயில செலவும்பா. எனக்கும் அதேதான் உறுத்தல். அவ பெருக்கற ரூம்ல நாங்க விருந்தாளியா கால் நீட்டிப் படுத்திருக்கறது நல்லாவா இருக்கும்? அவளுக்குப் பயணிங்ககூட உக்காந்து சாப்பிடவும் அனுமதி இல்லையாம். ஏழாவது மாடி முழுக்க அவ பொறுப்பு இல்லைங்க, உட்பக்கம் ஜன்னல் இல்லாத வரிசை மட்டும். அதான் இந்தப் பிடிவாதம். ரூமைச் சுத்தமா வெச்சிருந்தா அவளுக்கு வேலை சுலபம், ஆனா சீக்கிரம் கிளம்பிடுவா. குப்பையா வெச்சிருந்தா நேரம் ஆகும், ஆனா அவதானே குனிஞ்சு பெருக்கணும். எது சரின்னு யோசிச்சு யோசிச்சு நான் ரெண்டு தடவை ஸ்கூலையே தாண்டிப் போயிட்டேன்.

கடைசியில பெரியவதான் சொன்னா. அம்மா வர்றதுக்கு முன்னாடி நாமளே பெருக்கித் துடைச்சு வெச்சுடலாம்ப்பா, நம்ம ரூமுக்கு அம்மாவுக்குக் குடுத்த நேரம் முடியற வரைக்கும் சும்மா உக்காந்துட்டுப் போகட்டும்னு.

அதனால ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லுங்கம்மா, படத்துல சரியாத் தெரியல. ஜன்னல் இல்லாட்டி பரவாயில்ல. அந்த ரூம்ல ஒரு நாற்காலி இருக்குமா?