மோந்து பாத்துச் சொல்லுங்க

இல்ல சார், நான் இன்சூரன்ஸ் பாலிசி எடுக்க வரல. நீங்க பையத் தொறக்காதீங்க. நான் உங்க பக்கத்துல வந்து உக்காந்ததுக்குக் காரணம் உங்க கைக்குட்டை. காலைல வண்டிய விட்டு எறங்கும்போதே மூக்குல வெச்சீங்க, நான் பாத்தேன். நாலு தெரு சுத்திட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பியாச்சு, இன்னும் எடுக்கல. கோச்சிக்காதீங்க. அந்த மூக்கு எனக்கு ஒரு நிமிஷம் வேணும்.

சிரிங்க, பரவால்ல. எம் பேரு சாந்தகுமார். முனிசிபாலிட்டில தண்ணிக்கொழாய் ஸ்டோர் குமாஸ்தா. பைப்பு, வால்வு, ஈயம், சணலு, எது வந்தாலும் பாத்து வாங்கி, நல்ல நெலமைல வந்துச்சுன்னு கையெழுத்துப் போடறது என் வேலை. உங்க வண்டிக்கு இன்னும் அரைமணி இருக்குது. அதே வண்டிலதான் வேலூர்லேர்ந்து ஹெல்த் ஆபீசர் வந்து எறங்கப்போறாரு. அழைச்சிக்னு வரச்சொல்லி சேர்மன் என்னைத்தான் அனுப்பி இருக்காரு.   

இந்தாங்க, ரெண்டு சீசா. குடிக்கவே கூடாது, மோந்து பாத்தாப் போதும். ஒண்ணு கிணத்துத் தண்ணி, ஒண்ணு மேட்டுத்தெரு கொழாய்த் தண்ணி. எது எதுன்னு சொல்ல மாட்டேன். விஷமா? ஐயோ, அப்படிக் கேக்காதீங்க சார். வெறுந் தண்ணி. அதாவது, தண்ணிதான். சரி சரி, கீழ வெச்சிடுங்க. மொதல்ல விஷயத்தச் சொல்றேன். கேட்டுட்டு அப்பறம் மோந்து பாருங்க.

நான் ஏன் மோந்து பாக்கலன்னா, இந்த ஊர்ல இருக்கறவன் எவனுக்கும் மூக்கு கெடையாது. மூஞ்சில இருக்கும், ஜலதோஷம் புடிக்கும், அவ்ளோதான். எட்டுத் தெருவுக்குப் பதினோரு தோல் பதம் பண்ற ஷாப்பு. பச்சத் தோலு, சுண்ணாம்புக் குழி, ஆவாரம்பட்டை ஊறின தண்ணி, செதுக்கிப் போட்ட சவ்வு. புதுசா வர்றவங்களுக்கு மொத நாளு கொமட்டும், மறுநாளு தலவலி, நாலாம் நாளு ஒண்ணும் தெரியாது. நீங்களும் ஞாயித்துக்கெழம வரைக்கும் இருந்தீங்கன்னா கைக்குட்டைய மடிச்சி ஜோபில வெச்சிருவீங்க. வெளியூர்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வந்தா மூக்கு திரும்ப வந்துரும். எங்க தலைமைக் குமாஸ்தா மோசஸ் சார், மெட்ராஸ் போயிட்டு வந்தாருன்னா ரெண்டு நாளைக்கு ஆபீசு வரமாட்டாரு. நாத்தம் தாங்கலம்பாரு. பொறந்தது இங்கதான். அவங்கப்பா தோலுக்கு உப்புத் தடவனவரு. நாங்கெல்லாம் சிரிப்போம்.

போன ஐப்பசி மழைல ஓடை ஒடச்சிக்னு போச்சு சார். ஓடைக்கு அடில போற மெயின் பைப்பு பதினாலு துண்டு போயிருச்சு. மேட்டுத்தெருவுக்குச் சொட்டுத் தண்ணி கெடையாது. பொம்பளைங்க பாலாத்து மணல்ல ஊத்துத் தோண்டி எடுத்தாங்க. ரிப்பேருக்கு எஸ்டிமேட் எழுதி மெட்ராசுக்கு அனுப்பினோம். பாதி சர்க்கார் தருது, பாதி நாம போடணும். அந்த உத்தரவு வந்து சேரும்போது மாசி முடியப் போவுது. அதுல ஒரு வரி. மார்ச் முப்பத்தொண்ணாந்தேதிக்குள்ள சரக்கு வந்து, ஸ்டோர்ல ஏத்தி, பில்லு கஜானாவுக்குப் போவணும். இல்லன்னா பணம் திரும்பப் போயிரும். மறுபடி எஸ்டிமேட், மறுபடி மெட்ராசு. அடுத்த மழைக்குத்தான் தண்ணி.

டெண்டர் போடணும், பதினஞ்சு நாள் விளம்பரம். மோசஸ் சார்தான் கவர ஒடச்சாரு. மூணு கவரு. ரெண்டு மெட்ராஸ் கம்பெனி, புதுப் பைப்பு, ஒண்ணரை மாசம் ஆவும்னு எழுதி இருந்தாங்க. மூணாவது நம்மூரு பழைய இரும்பு யாவாரி இஷ்தியாக் அகமது பாய். வெலயும் கம்மி, சரக்கும் கைல. ரூல் இன்னான்னா, எது கம்மியோ அத்தத்தான் எடுக்கணும். வேணாம்னா ஏன் வேணாம்னு காரணம் எழுதி வேலூருக்கு அனுப்பி, அங்கேர்ந்து சரின்னு வரணும். அதுக்கு நாளு ஏது. ஒண்ணரை மாசக் கம்பெனிய எடுத்தா பணம் போச்சு. வேலூருக்கு எழுதினா பணம் போச்சு. எப்படிப் போனாலும் ரூலு நம்மள பாய் வாசல்லயே கொண்டாந்து வுடுது.

ஏமாத்தினாரா? சேச்சே. பாய் மேல ஒரு குத்தமும் சொல்லமாட்டேன். கேட்டதுக்கெல்லாம் நெசத்தச் சொன்ன மனுஷன். மூடிப்போன ஒரு தோல் ஷாப்புலேர்ந்து கழட்டின பைப்பு. நல்ல வார்ப்பிரும்பு, சீமைச் சரக்கு, ஒரு கீறல் கெடையாது. சுண்ணாம்புக் குழித் தண்ணிய எறைச்ச பைப்பு சார் இது, ஒரு வாரம் குடுங்க, மணலு போட்டுத் தேச்சி, ஆத்துல கெடத்தி, வெயில்ல காய வெச்சித் தரேன்னாரு. டெண்டர் காயிதத்துல பைப்போட நீளம் கேட்டிருக்கு, அகலம் கேட்டிருக்கு, எடை கேட்டிருக்கு. இதுக்கு முன்ன அதுல இன்னா போச்சுன்னு கேக்கற கட்டம் இல்ல. அவரு ஒரு வாரம் கேட்டது முப்பத்தொண்ணாந்தேதி காலைல. கஜானா நாலு மணிக்கு மூடிருவாங்க.

சுண்ணாம்புத் தண்ணிதானேன்னு நீங்க நெனைக்கிறீங்க. நானும் அப்படித்தான் நெனச்சிக்னேன். சுண்ணாம்பு வவுத்துக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா சில ஷாப்புல தோல்லேர்ந்து மயிரு சீக்கிரம் கழண்டு வரணும்னு சுண்ணாம்போட ஒரு பாஷாணம் கலப்பாங்க. செவப்பா, கல்லு மாதிரி இருக்கும். ராத்திரி போட்டாக் காலைல தோலு வழுவழுன்னு வந்துரும். அந்த ஷாப்புல கலந்தாங்களா, எனக்குத் தெரியாது. ஷாப்புக்காரரு கண்ண மூடி நாலு வருஷமாச்சு. யாரக் கேக்கறது.

பைப்பு பதிச்சோம். தண்ணி வந்துச்சு. மேட்டுத்தெருவுல சக்கரை குடுத்தாங்க சார். சேர்மனுக்கு மால போட்டாங்க, எனக்கும் ஒண்ணு. பொன்மலர், எம் பொஞ்சாதி, அந்த மாலைய வேதப்புத்தகத்து மேல வெச்சிருந்தா, வாடற வரைக்கும்.

வைகாசில ஆரம்பிச்சிது. வவுத்து வலின்னாங்க, மாம்பழம்னாங்க. வாந்தின்னாங்க, வெயிலுன்னாங்க. நான் கொழாய் வாசர் தேஞ்சிருக்கான்னு பாக்கறதுக்கு வூடு வூடாப் போவேன். அக்தரி பேகம்னு ஒரு அம்மா, புருஷன் ரங்கூன்ல இருக்காரு. கோஷா வூடு, வெளி ஆம்பளைங்க உள்ள போவக்கூடாது, நான் வாசல்ல நின்னுதான் பேசணும். அன்னிக்குப் படுதாவுக்குக் கீழ ஒரு கை மட்டும் வெளிய வந்துச்சு. கைல ஒரு சீப்பு. சீப்பு நெறைய முடி, கொழந்த முடி, மெல்லிசா. குழாய்க்காரரே, கொழாயப் பாக்க வந்தீங்களே, இத்தயும் பாத்துட்டுப் போங்கன்னாங்க. கோவமாச் சொல்லல சார். அந்தம்மாவுக்கு இதுவும் அதுவும் ஒண்ணுன்னு தெரியாது. யார்கிட்டயாச்சும் காட்டணும், நான் வந்தேன், காட்டினாங்க. அவ்ளோதான். நான் கொழாயப் பாக்காமயே திரும்பிட்டேன்.

அவங்க பொண்ணு பில்கிஸ், ஆறு வயசு. ஒம்பது நாளா வேலூர் ஆஸ்பத்திரில இருக்கா. அத்த விசாரிக்கத்தான் ஹெல்த் ஆபீசரே வர்றாரு. சூட்டுக் காய்ச்சல்ல முடி கொட்டும்னு ஒரு டாக்டர் சொல்றாராம். இருக்கலாம். இருக்கணும். நான் தெனமும் ஜெபத்துல அதத்தான் கேக்கறேன், அந்தக் கொழந்தைக்குக் காய்ச்சலா இருக்கட்டும்னு. எந்த மனுஷனாவது இப்படி ஒரு வேண்டுதல் வெப்பானா.

லைன அடைச்சிட்டா? அதுக்குத்தான் வர்றேன். அடைக்க ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு, தண்ணிய மெட்ராஸ் கிண்டில இருக்கற லேபுக்குப் பரிச்சைக்கு அனுப்பணும், பதிலு வர மூணு வாரம். அது வரைக்கும் கவுன்சில் லைன அடைக்க ஒத்துக்காது, மால வாங்கின கழுத்து சார். இன்னொண்ணு, சரக்க வாங்கினவன் எழுதணும். வாங்கினப்பவே இந்தப் பைப்பு சரியில்லன்னு ஸ்டோர் குமாஸ்தா நாலு வரி எழுதிக் குடுத்துட்டா, சேர்மன் அன்னிக்கே வால்வ மூடலாம். அவசரம்னு போட்டு, டெண்டரே இல்லாம புதுப் பைப்பு வாங்கலாம். அப்படி ஒரு ரூல் இருக்கு. நல்ல ரூலு. யாரோ புண்ணியவான் எழுதி வெச்சிருக்கான்.

எழுதவேண்டியதுதானே? சொல்லலாம் சார். எழுதினா முன்ன போட்ட கையெழுத்துக்கு நான்தான் பதில் சொல்லணும். வேலை போவும். பைப்பு வெலய எங்கிட்டயே வசூல் பண்ணலாம். கோர்ட்டுக்கும் போவலாம். கைக்கொழந்த இருக்குது வூட்ல. பங்குனிலதான் பொறந்தான். உங்க கம்பெனில இதுக்கு ஏதாச்சும் பாலிசி இருக்கா? தமாஷுக்குக் கேட்டேன். சிரிக்கிற மாதிரி இல்ல, வுடுங்க.

அதான் முந்தாநாள் ஒரு யோசன பண்ணேன். மூணு மாசமா தண்ணி ஓடிக்னே இருக்குதே, கழுவிப் போயிருக்காதா. வெளியூர் மூக்கு ஒண்ணு மோந்து பாத்து, நாத்தமே இல்லன்னு சொல்லிட்டா, அப்ப பைப்பு சுத்தமாயிருச்சு, பில்கிஸுக்குக் காய்ச்சல்தான், நான் எழுதவேண்டியது ஒண்ணும் இல்ல. ரெண்டு நாளா இந்த ஸ்டேஷன்லதான் உக்காந்திருக்கேன். எறங்கறவங்க எல்லாம் தோல் யாவாரிங்க. இன்னிக்குத்தான் நீங்க கைக்குட்டையோட எறங்கினீங்க.

மோந்து பாருங்க சார். கெஞ்சிக் கேக்கறேன். தக்கைய மெதுவா எடுங்க. மொதல்ல இது. ஒண்ணும் இல்ல, சரி. இப்ப அது. அவசரப்படாதீங்க, நல்லா உள்ள இழுங்க.

ம்.

எப்படி இருக்கு? நனைஞ்ச தோலு மாதிரியா? கொஞ்சமா? கொஞ்சம்னா எவ்ளோ கொஞ்சம்? ஊரு நாத்தம் கலந்திருக்கும் சார், காத்துல வருது பாருங்க. அந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவ பாருங்களேன். அப்பவுமா. உள்ளேர்ந்து வருதா. சரி. குடுங்க. தக்கைய நான் போட்டுக்கறேன்.

இல்ல, சொல்ல வேணாம்னு நெனச்சேன். நீங்க கண்டுபுடிச்சதுதான் கொழாய்த் தண்ணி. மொத சீசா பள்ளிக்கூடத்துக் கிணறு. எங்க வூட்டுப் பானையிலேர்ந்து மொண்டது. ஆமா, எங்க வூடும் மேட்டுத்தெருதான். கொழாய் எதிர்லயே இருக்குது, நீ எதுக்கு என்னக் கைக்கொழந்தையோட அந்தக் கிணத்துக்கு அனுப்பறேன்னு பொன்மலர் கேக்கறா. நல்ல தண்ணி, கொழந்தைக்கு ஒத்துக்கும்னு சொல்லி வெச்சிருக்கேன். எப்பலேர்ந்தா?

அதோ, ரயில் கைகாட்டி எறங்கிருச்சு, வண்டி வருது. குடியாத்தம் எப்பவோ தாண்டிருக்கும். எழுந்துக்கங்க சார், பைய நான் தூக்கறேன். நீங்க ஏறிப் போயிருவீங்க, மறுபடி இந்தப் பக்கம் வரமாட்டீங்க. அதனால சொல்றேன். பைப்பு பதிச்சுத் தண்ணி வந்த அன்னிலேர்ந்து.

பொன்மலருக்கு பாளையங்கோட்டைல பிரசவம். ஒண்ணரை மாசம் நான் அங்கதான் இருந்தேன். முப்பத்தொண்ணாந்தேதி, நீங்க இன்னிக்குக் காலைல வந்த அதே வண்டில, இதே பிளாட்பாரத்துல எறங்கினேன், உங்கள மாதிரி மூக்குல துணிய வெச்சிக்னு. நேரா ஸ்டோருக்குப் போனேன். பதினாலு பைப்பு வரிசையா இருந்துச்சு. குனிஞ்சி ஒவ்வொண்ணுலயும் மோந்து பாத்தேன் சார். ஊருலயே அன்னிக்கு எனக்கு ஒருத்தனுக்குத்தான் மூக்கு இருந்துச்சு.

அதோ, மூணாவது பொட்டி, வெள்ளத் தொப்பி. அவருதான். பாருங்க, அவரும் கைக்குட்டைய எடுக்கறாரு. வாங்கும்போது மோந்து பாத்தியான்னு அவரு ஒரு வார்த்த கேக்கணும் சார். கேட்டா சொல்லிருவேன்னுதான் நெனைக்கிறேன்.

ஏறுங்க, பாத்து. ரெண்டு நிமிஷந்தான் நிக்கும்.