கயிறு கட்டி இழுக்கும் ஜீப்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் பேருந்தில், எனக்குப் பின்னிருக்கையில் ஒருவர் சொன்னார்:

"ஜீப்புல கயிறு கட்டி ஆபீசருங்களே இழுப்பாங்க மாப்ளே."

"ஏன் மாமா, ஸ்டார்ட் ஆவாதா?"

"மரியாதைடா. சுபேதார் மேஜர் ரிட்டையர் ஆனா அப்படித்தான் அனுப்பி வைப்பாங்க."

அவர் ரெட்டிபாளையத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஃபிட்டர் என்பதும், ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டும் சீருடை அணியும் பிராந்திய ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து அந்தப் பதவிவரை உயர்ந்து, இப்போது ஓய்வுபெறப் போகிறவர் என்பதும் பேச்சிலேயே விளங்கின. கேட்டவர் அவருடைய மனைவியின் தம்பி. மனைவி என் பக்கத்தில், ஜன்னலோரம் அமர்ந்திருந்தார்.

"ஜீப்புல எம்பக்கத்துல பொண்டாட்டி உக்காரணும். உங்கக்கா வரமாட்டேங்குறா. நீ சொல்லிப் பாரேன்."

"நீங்களே ஆர்டர் போடுங்க."

"பட்டாலியனுக்கே போடுவேன். இவளுக்குப் போட்டா ராத்திரி சோறு வராது."

அந்த அம்மாள் திரும்பாமலே பேசினார்: "டேய், பெரியவ காதுகுத்துக்குக் கேம்ப்பு. சின்னவ பொறந்தப்பவும் கேம்ப்பு. வூடு குடிபோனப்பவும் கேம்ப்பு. இப்ப ஊர்கோலத்துக்கு மட்டும் நான் வேணுமாமா?"

பின்னிருக்கையில் அவர் குரல் தணிந்தது:

"இதான் கடைசின்னு சொல்லுடா அவகிட்ட."

"சரி, வரேன்னு சொல்லு. ஆனா இழுத்து முடிச்சதும் அந்தக் கயித்த எங்கிட்ட குடுத்துடணும். மறுபடி கேம்ப்புன்னு கெளம்புனா கட்டிப்போட வேணும்."

"அத ஸ்டோர்ல திருப்பி ஒப்படைக்கணுமேடி!"

"மாமா, 'எஸ் சார்'னு மட்டும் சொல்லுங்க."